ஒரே பெயர், இருநூற்றுப் பன்னிரண்டு தடவை

பிப்ரவரி 3: போர்வை 60
மார்ச் 17: சட்டை 84
ஜூன் 9: சட்டை 40
ஆகஸ்ட் 25: கம்பளி மேலங்கி 28
மொத்தம்: 212

துணியை உட்புறமாகத் திருப்பிப் போட்டு, அரை பிளேடால் அடித்தையலை அறுப்பார். பிறகு முன்பக்கம் திருப்பி, ஊசி முனையால் சிவப்பு நூலை நெம்பி இழுப்பார். ஒரு பெயருக்குப் பதினோரு நிமிடம். மிச்சமிருக்கும் ஊசித் துளைகள்மேல் ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்துவார். பிரித்த நூலைக் குப்பையில் போடமாட்டார். பிஸ்கட் டின்னில் சேர்ப்பார். முதியோர் இல்லத்தின் தையல் அறையில், ஐம்பத்து மூன்று வயதுத் தையலக்காவுக்குப் பகல் இரண்டு மணி முதல் நான்கு வரை இதுதான் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல.

பிரிக்கும் பெயர் வள்ளலுடையது. இரும்புக் கடை வைத்திருப்பவர். 'வள்ளல்' அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அவர் அனுப்பும் ஒவ்வொரு உடுப்பிலும் இடது மார்பில், நான்கு விரல் அகலத்துக்கு 'வள்ளல் அன்பளிப்பு' என்று சிவப்பு எழுத்து. போர்வையில் இன்னும் பெரிதாக, படுத்தால் நெஞ்சுக்கு நேரே வரும்படி. வழிபாட்டில் முன்வரிசையில் நின்று, "எல்லாம் அவன் குடுத்தது" என்று கண்ணீர் உகுப்பவரும் இவரே.

தையலக்கா பக்தியில் குறைந்தவரல்ல. ஒரு நிமிடம் கண்மூடிக் கும்பிடாமல் மிஷினை மிதித்ததில்லை. கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியது. எழுந்திருக்க முடியாதவர் அறையிலும் கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுத்தான் நுழைவார். மூன்றே அளவில் வரும் சட்டைகளை ஆளுக்கு ஆள் அளவெடுத்துப் பிடித்துக் கொடுப்பார். "அளவு கேக்காமத் தைச்சா அது சட்டை இல்ல, தலகாணி உறை."

இல்லத்தில் ஒருவர் போஸ்ட்மேன் ஐயா. முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர். மார்ச் 21ஆம் தேதி புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பல் வைத்தியரிடம் போகப் பஸ் ஏறினார். பக்கத்திலிருந்தவர் அவர் மார்பைப் படித்தார். உச்சுக்கொட்டியபடி அவர் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார். இல்லத்துக்குத் திரும்பியதும் ஐயா சட்டையைக் கழற்றி எறிந்தார். மூன்று நாள் வெறும் பனியனோடு கிடந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டி நுழைந்த தையலக்காவிடம் சொன்னார்:

"கடுதாசிலதாம்மா விலாசம் எழுதுவாங்க. என் மேலயே எழுதிட்டாங்க."

எழுபத்தொரு வயதுவரை தன் பெயரோடு நடமாடிய மனிதரை, ஒரு சட்டைக்காக இன்னொருவரின் விளம்பரப் பலகையாக்க எந்த வேதம் அனுமதி கொடுத்தது? அன்றே தையலக்கா பிளேடை எடுத்தார். பிப்ரவரிப் போர்வைகளையும் விடவில்லை.

மேனேஜர் பதறினார். "அக்கா, நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல? பெரியவங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க."

"சூரியனக் குடுத்தவரு அதுல பேரு பொறிச்சாரா சார்? தண்ணியில? காத்துல? இவரு நாலு முழத் துணியக் குடுத்துட்டு நெஞ்சுமேல ஏறி உக்காந்துக்குறாரு."

"உங்க வாய்க்குப் பூட்டு போட ஆளே இல்ல."

"பூட்டும் குடுப்பாரு. அதுலயும் பேரு இருக்கும்."

அக்டோபரில் படம் எடுத்துக்கொள்ள வந்த வள்ளல், எந்த மார்பிலும் தன்னைக் காணாமல் திகைத்தார். 14ஆம் தேதி முதல் கடிதம்: இது யார் வேலை? தையலக்கா பதில் எழுதினார்: "நான்தான்." 30ஆம் தேதி இரண்டாவது: அத்தனையிலும் பெயரை மறுபடி தைக்காவிட்டால் குளிர்காலத்துக்கான அறுபது ரஜாய், பஞ்சு வைத்த கனத்த போர்வைகள், வராது.

அன்று தையலக்கா மிஷினைத் தொடவில்லை. குளிரப்போவது தனக்கல்லவே. அறுபது பேரையும் கதவைத் தட்டிக் கேட்டார். ஐம்பத்தேழு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேர், "எலும்பு நடுங்குதும்மா, பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றார்கள். அவர்களை ஒரு சொல் சொல்லவில்லை. பழைய போர்வையையும் புதியதையும் சேர்த்து இரட்டையாகத் தைக்க ஆரம்பித்தபோது, முதல் மூன்றை அவர்களுக்கே கொடுத்தார்.

நவம்பர் 19, புதன்கிழமை வந்த மூன்றாவது கடிதத்தை மேனேஜர் தையல் அறை வாசலில் நின்று வாசித்தார். அந்தப் பெண்ணை வேலையை விட்டு நீக்க வேண்டும். இல்லையேல் இனி இல்லத்துக்கு ஒரு நூல்கூட வராது. வாசித்து முடித்தவர் தலை நிமிரவில்லை.

தையலக்கா கடிதத்தை வாங்கி, டின்னில் இருந்த சிவப்பு நூலின்மேல் வைத்து மூடினார். "அவரு பேரு பூராவும் இதுல இருக்கு சார். ஒரு இழை குறையாது. வாங்கிக்கச் சொல்லுங்க."

மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த போஸ்ட்மேன் ஐயா எழுந்தார். துளை தெரியாத சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டார். டின்னை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"விலாசம் எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கு ஐயா. இருநூத்திப் பன்னெண்டு தடவ."

டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பழைய நடையில் படியிறங்கினார்.