இரண்டு கம்பி வளையங்கள்

சித்தப்பா இப்போதும் வீட்டுக்கு வருகிறார். எழுந்து நிற்கிறேன், நாற்காலி போடுகிறேன், காபி கொடுக்கிறேன். கொடுக்கும்போதெல்லாம் அதை அவர் வெள்ளை வேட்டியில் ஊற்றிவிடலாமா என்று கை பரபரக்கிறது. வயசானவர், அப்பாவின் ஒரே தம்பி, பழசையெல்லாம் மறந்துவிடு என்கிறார்கள். மறக்க மாட்டேன். கோபம் போகவில்லை, போகவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் பூலாம்பாடிப் பக்கம். அப்பா மலேசியாவில் வேலை பார்த்தார். அவர் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் முதலில் சித்தப்பாவிடம்தான் இருந்தது. எங்கள் வயல் நாலு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில். சின்ன வெங்காயம் போட்டிருந்தோம். த்ரீ பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்த உடனே ஓடிப்போய் கிணற்று மோட்டாரைப் போட வேண்டும். சித்தப்பாவோ சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மனசு வந்தால் அம்மாவைக் கொண்டுபோய் விடுவார். மனசு வராத நாட்களில் வெங்காயம் காயும். ஒருநாள் அம்மா போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பத்து நாளில் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

எனக்கும் பொறுக்கவில்லை. வண்டி அவரிடம் இருந்தவரை என்னை முன்னால் உட்காரவைத்துப் பூலாம்பாடிக்குக் கூட்டிப்போய் பரோட்டா வாங்கித் தருவார். அம்மாவோ வண்டியில் உர மூட்டை ஏற்றினாள்.

பிறகு முன்பக்க ஃபோர்க்கில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களுக்குள்ளும் எண்ணெய் இருக்கும். அது வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் சீல்கள் தேய்ந்துபோயிருந்தன. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தொபுக்கென்று இறங்கியது. அம்மா டவுனுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த மெக்கானிக் சித்தப்பாவின் கூட்டாளி. அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் கூடப் போயிருந்த சித்தப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். ஃபோர்க்கே வளைந்துவிட்டதாம், சீல் மாற்றிப் பிரயோஜனம் இல்லையாம்.

“எதுக்கு அண்ணி அவஸ்தை? எங்கிட்ட குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் சித்தப்பா. அப்பாவும் போனில் அதையே சொன்னார்: “குடுத்துத் தொலையேன், பொம்பளைக்கு என்னாத்துக்கு அந்த வண்டி?”

அம்மா கொடுக்கவில்லை. கடைக்குப் போய் இரண்டு சீலும் ஒரு பாட்டில் எண்ணெயும் வாங்கிவந்தாள். மெக்கானிக் கடையில் காத்திருந்தபோது வேறொருவர் வண்டிக்குச் சீல் மாற்றியதை ஒன்று விடாமல் பார்த்துவைத்திருந்தாள். காலாண்டு லீவில் ஒரு காலை, புடவைக்கு மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியை முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினாள். குழாய்களை உருவி எண்ணெயை வடித்தாள். பிறகு அவற்றைத் திண்ணையின் சிமெண்ட் தரையில் உருட்டிப் பார்த்தாள். வளைந்த குழாய் துள்ளும். இவை துள்ளவே இல்லை. அம்மா நிமிர்ந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்தார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வந்து, “உங்கம்மா ஒர்க்‌ஷாப்பு வெக்கப்போறாங்களாடி?” என்று சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மற்ற அம்மாக்களைப்போல இவளால் சும்மா இருக்க முடியாதா?

ரப்பர் சீல் மாற்றியபின் அது மேலே எழும்பாமல் அழுத்திப் பிடிக்க ஒவ்வொரு குழாயிலும் ஒரு கம்பி வளையம் மாட்ட வேண்டும். லாக் என்பார்கள். கழற்றிய இரண்டையும் அம்மா ஒரு டப்பா மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டிருந்தாள். அவள் கை கழுவ உள்ளே போனபோது சித்தப்பா என் காதருகே குனிந்தார்.

“பாப்பா, அந்த ரெண்டு வளையத்தையும் எடுத்து ஒளிச்சு வெச்சுடு. வண்டி தன்னால நம்ம கைக்கு வந்துடும். தெனம் ஒன்ன ஸ்கூலுக்கு அதுலயே கொண்டுபோயி வுடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

எடுத்தேன். கோழி தட்டிவிட்டதுபோல் மூடியைக் கவிழ்த்துவிட்டு, வளையங்களை என் பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன். பயமே இல்லை. சரியான வேலை செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

அம்மா மத்தியானம் முழுக்கத் தேடினாள். கடைசியில் சமையலறையிலிருந்து மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துவந்து வாசல் மண்ணை அள்ளி அள்ளிச் சலித்தாள். வயலில் கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா தலையைத் தூக்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து லீவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டப்பா என் மடியில். அன்றைய என்னை இழுத்துவைத்து நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மறுநாள் பெரம்பலூருக்குப் போனாள், அங்கே இல்லையென்று அரியலூருக்கும் போனாள். பழைய மாடல், வளையம் தனியாக வராது என்று இரண்டு ஊரிலும் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவளிடம் சித்தப்பா, “காலையில குட்டியானை வண்டி கொண்டாரேன் அண்ணி, ஏத்திக்கிட்டுப் போயிடறேன்” என்றார். முகத்தில் அப்படி ஒரு அனுதாபம்!

அவர் போனதும் அம்மா என்னருகில் வந்து உட்கார்ந்தாள். “பென்சில் குடு பாப்பா. அளவெடுத்து வரஞ்சு குடுத்தா லேத்துல செஞ்சு தருவாங்களான்னு பாக்கறேன்.” நான் அசையவில்லை. அவளே டப்பாவைத் திறந்தாள்.

எந்த வளையத்தை வரையப்போனாளோ அது பென்சிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

“யாரு எடுக்கச் சொன்னா?”

“சித்தப்பாதான். அம்மாகிட்ட சொல்லாதன்னாரு.”

அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என் தோள்கள் இரண்டையும் பிடித்தாள். தன் பக்கம் திருப்பினாள்.

“வேற என்னெல்லாம் அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லியிருக்காரு?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு சாமி. பரோட்டா வாங்கித் தரக் கூட்டிட்டுப் போவாரே, அப்ப?”

“இல்லம்மா. இது மட்டுந்தான்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், இருட்டுவதற்குள் இரண்டு சீல்களையும் பிவிசி குழாய்த் துண்டை வைத்துத் தட்டி இறக்கினாள். வளையங்களை மாட்டினாள். எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைப் பூட்டினாள். அவ்வளவு ஓங்கித் தட்ட வேண்டியதில்லை என்று எனக்கே தெரிந்தது.

காலையில் சித்தப்பா குட்டியானையோடு வந்தபோது வண்டி சொந்தக்காலில் நின்றது. அம்மா முன்பிரேக்கைப் பிடித்து இரண்டு தரம் அமுக்கிக் காட்டினாள். ஒரு சொட்டுக் கசியவில்லை.

“வண்டியப் பத்தி நான் பேசல தம்பி. இனிமே எம்புள்ளகிட்ட ஏதாவது பேசணும்னா எம்முன்னாடி பேசுங்க. அது காதுகிட்ட குனியிற வேலை வேணாம்.”

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. “வெளையாட்டுக்குச் சொன்னதுங்க அண்ணி” என்றார். அம்மா கிக்கரை உதைத்து வயலுக்குப் போய்விட்டாள். என் பரோட்டா ஆசையும் அன்றோடு போயிற்று. அதற்காக நான் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் அவள் விடவில்லை. பள்ளிக்கூடம் திறந்து பல நாட்கள்வரை, காலையில் எனக்குத் தலை பின்னும்போது அதே கேள்வி. “சித்தப்பா வேற எதையும் சொல்லாதன்னு சொல்லலியே?” ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “வளையந்தான் கெடச்சுடுச்சே, இன்னும் என்னம்மா?” என்று கத்தினேன். அம்மா பின்னியதை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து பின்னினாள். ஒரு கம்பி வளையத்துக்காகவா இத்தனை நாள் விசாரணை என்று அந்த வயதில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.