எனக்குப் போட்ட கதிரை

ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்ததை டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் வந்து சொல்லச் சொன்னார்கள். ஊனமுள்ளவர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு பாடமாம். என் இடது கால் பிறவியிலேயே உள்பக்கம் திரும்பிப்போனது. அந்தத் தகுதியில்தான் நானும் வாத்தியாரானேன்.

சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு விஷயம் இருந்தது. மூன்று நாள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலையோடு நின்றுவிட்டார், தீபாவளிக்குத் தீபாவளி முகம் காட்டுவார். அந்த விஷயத்தை அவரிடமும் பேசி முடித்ததில்லை.

கந்தப்பளையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் வெள்ளைக் கோட்டோடு இருபது பிள்ளைகள். முன்னால் ஒரு கதிரை, மூலையில் ஒரு கட்டில். நான் நேரே கட்டிலுக்குப் போய் ஏறிப் படுத்து, சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டேன்.

எங்கள் தோட்டத்து மருந்துக் காம்பராவில் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போதே வலிக்கிற இடத்தைத் திறந்து வைத்துவிட வேண்டும், மருந்து கொடுக்கிற ஐயாவுக்கு நேரமில்லை. பல்வலிக்காரர் வாயைப் பிளந்துகொண்டேதான் உள்ளே போவார். எனக்கு எங்கே வலித்தாலும் கால்தான் திறக்க வேண்டியது.

இரண்டு பிள்ளைகள் குனிந்து காலைப் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். பாடம் எடுக்கிற டொக்டரம்மா ஓடி வந்தார்.

"கதிரைதான் உங்களுக்குப் போட்டது," என்றார் சிங்களத்தில்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், சிங்களத்தில் வந்தபடி சொன்னேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் எட்டு மாதம், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை. வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் சொல்லிக்கொண்டிருந்தேன், டொக்டர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்காரரிடம், "இந்தக் காலோடு நடந்தால் வயிறு இறுகத்தான் செய்யும், கூட்டிக்கொண்டு போங்கள்," என்றார். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை. முன்னமே பார்த்திருந்தால் பிழைத்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியாது. அது தெரியாததுதான் என்னைக் கொல்கிறது.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் இருந்தும், அந்த அறையில் நான் லயத்தில் இருக்கிற மாதிரியே தனியாக இருந்தேன்.

"அந்த டொக்டர் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று டொக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"எப்போதிலிருந்து அசையவில்லை என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும்," என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பருந்துங்க அசையல?" என்றாள் தமிழில். நோர்வூட் தோட்டப் பக்கத்துப் பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது.

பதிலை ஏழு வருஷமாக நான்தான் வைத்திருந்தேன்.

"முந்தின நாள் காலையிலருந்து. புள்ளக்காம்பராவுல மத்தவங்க புள்ளைங்களுக்குப் பால் கரைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பதான் கடைசியா ஒரு தடவ ஒதைச்சுச்சு."