ராகி அடைத்த பொம்மை

எண்பதுகளில், கிருஷ்ணகிரியில் கிராம சுகாதார நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டும் தேர்வுக்காக ஆளுக்கொரு துணிப்பொம்மை தைத்தோம். குளிப்பாட்டியபடியே விளக்கிச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. தேறமாட்டேன் என்று பயந்தேன். பொம்மையாவது நிஜக் குழந்தையின் கனத்தில் இருக்கட்டுமென்று உள்ளே ராகியை அடைத்தேன். தேர்வில் தண்ணீர் பட்டதும் தையல் பிரிந்து, ராகி தண்ணீர்த் தொட்டியில் கொட்டியது.

“ஏம்மா, புள்ளைக்கு என்ன ஊட்டுன?” என்றார் தேர்வு நடத்திய அம்மா.

“ராகிங்க மேடம்.”

“பொறந்த புள்ளைக்கா?”

“ஐயோ, இல்லீங்க மேடம், அதுக்குத் தாய்ப்பால் மட்டுந்தானுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் சோப்பு, துடைப்பது, தொப்புள் சுத்தம் என்று பேசிக்கொண்டே போனேன். பொம்மை வெறும் துணியான பிறகும் அதன் கழுத்தைத் தாங்கிய கையை நான் எடுக்கவில்லை. அதற்கே தனியாக மார்க் கிடைத்தது. தேறினேன்.