லிட்டருக்குப் பன்னிரண்டு வருமா? ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு டீசல் பரீட்சை

தீபாவளிக்குச் சிவகாசிப் பக்கம் சொந்த வண்டியில் வந்து பட்டாசு வாங்க நினைக்கிறவர்கள் வழியும் செலவும் கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்வந்த பாதையை அப்படியே எழுதிவிடுகிறேன். ஆனால் நாங்கள் பட்டாசு வாங்கப் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரர் முருகேசன் மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்த புது பிக்கப் வண்டி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடத்தான் போனோம். இது 2008 தீபாவளி சீசன், டீசல் லிட்டர் முப்பத்தாறு ரூபாய்ச் சொச்சம் விற்கிற நேரம்.

ஷோரூமில் பதினான்கு தரும் என்று சத்தியம் செய்யாத குறைதான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலி வண்டியாக ஓட்டினாலும் ஒன்பதைத் தாண்டவில்லை. சர்வீஸுக்கு விட்டால், "புது இன்ஜின், போகப் போகச் சரியாகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். டயருக்குக் காற்று பிடித்துப் பார்த்தோம். நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டியதில், டிவிஎஸ் வண்டிக்காரர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்தினார்கள். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைக்கூட ஒரு வாரம் கழற்றிப் பார்த்தார் இந்த மனுஷன். எலுமிச்சம்பழமா டீசல் குடிக்கும்? கேட்டால் கோபம் வேறு வரும்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு வந்தால்தான் டீசல் போக மாதத் தவணையைக் கட்ட முடியும். வராவிட்டால், சாத்தூர்ப் பக்கம் பருத்தியும் மிளகாயும் போடுகிற என் அண்ணன் பாண்டி வண்டியைத் தவணையோடு எடுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் திங்கட்கிழமையே பழையபடி பட்டாசுக் கம்பெனிக்கு ஆளேற்றுகிற வேனுக்கு டிரைவராகப் போக வேண்டும், வேன் கம்பெனி மேனேஜரிடம் சொல்லியும் வைத்தாகிவிட்டது. வருஷக்கணக்காக அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், முதல் முறையாகச் சொந்த சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். தவணை தவறி வண்டியை யாரோ இழுத்துக்கொண்டு போவதைவிட அண்ணன் கையில் இருக்கட்டும் என்று இந்த ஏற்பாட்டைச் சொன்னவள் நான்தான். சொல்லிவிட்டேனே தவிர, சனிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஏழு மணிக்கு விருதுநகர் பைபாஸ் பங்கில் டேங்கை வாய்வரை நிரப்பினோம். திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி வாய்வரை நிரப்ப வேண்டும், பிடிக்கிற டீசலையும் ஓடிய தூரத்தையும் வைத்து அண்ணன் தீர்ப்புச் சொல்வார். முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் நான், கியர் கம்பிக்கும் அண்ணனின் தொப்பைக்கும் இடையில்.

ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி 26 கிலோமீட்டர். சாலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வழியில் ரயில்வே கேட் அடைத்தால் கால் மணி நேரம் போகும், முறுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும்போது வீட்டுக்காரர் இன்ஜினை அணைத்தார். "நல்லது மாப்ள, இப்படியே தள்ளிக்கிட்டே போனா இருபதுகூட வரும்" என்றார் அண்ணன். வீட்டுக்காரர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளை முகம் அவருக்கு.

சிவகாசியில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றினோம். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு யூனிட் ஒன்றுக்கு, ஞாயிறானாலும் சீசனுக்கு லீவு கிடையாது. பெட்டி மலைபோல் தெரியுமே ஒழிய எடை ஒன்றும் இல்லை. பக்கத்துக் கடையில் டீ மூன்று ரூபாய், கூட ஒரு வடை. நான் வேலை பார்க்கிற அச்சகமும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. அடுத்த வருஷத்துக் காலண்டரில் நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் டைப் அடிக்கிறவள் நான். அன்றைக்கு எங்களுக்கு என்ன நேரம் என்று மட்டும் பார்க்கப் பயமாக இருந்தது.

வெம்பக்கோட்டை வழியாக ஏழாயிரம்பண்ணை 28 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரிசல், நடுநடுவே வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். காலையில் போனால் காற்று அருமை. எங்கள் வண்டிதான் சின்ன மேட்டுக்கே முக்கியது. "என்ன மாப்ள, வண்டிக்கு இளைப்பா?" என்று அண்ணன் கேட்க, எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீ இறங்குனா ஓடும்ணே" என்றேன். அதற்குப் பிறகு வெம்பக்கோட்டை தாண்டும்வரை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தை எண்ணிக்கொண்டு வந்தார்.

இனிச் சொல்லப்போவதைப் பட்டாசு யூனிட் பக்கம் வண்டி கொண்டுவருகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். எந்த வண்டியும் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் சைலன்சர் வாயில் ஒரு கம்பி வலை மூடியை மாட்டுவார்கள், புகையோடு பொறி பறந்துவிடாமல் இருக்க. வெளியே வரும்போது கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்காரர் வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்கே லேத் பட்டறையில் சொல்லி, ஒன்றுக்கு இரண்டு மடிப்பாகச் சொந்த வலை செய்து, ஸ்குரு வைத்து முறுக்கியிருந்தார். கோயிலுக்குப் போனாலும் வலை, கல்யாணத்துக்குப் போனாலும் வலை. எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். நெருப்பு என்றால் என்னவென்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பொறுப்பான ஆள் என்று நானே பெருமையாக நினைத்திருந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் கம்பெனி வலையோடு வந்து குனிந்தார்.

"அண்ணாச்சி, ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்கீகளே."

"இருக்கட்டும்ணே, ரெட்டை வலை. உங்களுதைவிட ஸ்ட்ராங்" என்றார் வீட்டுக்காரர்.

"அது தெரியுது. ஆனா எங்க வலைதான் மாட்டணும்னு உத்தரவு. கழட்டிருங்க, போகும்போது மாட்டிக்கிடுங்க."

அரை மணி நேரம் ஸ்பானரோடு மல்லுக்கட்டிக் கழற்றினார். வலை என்று சொல்ல முடியாது, அடிப்பிடித்த பணியாரம்போல ஒரே கரிக்கட்டி. வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. "பாரு, எம்புட்டுக் கரியத் தடுத்திருக்கு!" என்று என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டார். நானும் ஆமாம் என்றேன், எங்கே போய் முட்டிக்கொள்வது!

உள்ளே வெள்ளைக்கோடு வரைக்கும்தான் இன்ஜின் ஓடலாம். அதற்கு மேல் பெட்டி ஷெட் வரை கையால் தள்ள வேண்டும். நாங்களும் அங்கே வேலை செய்கிற நான்கு அக்காக்களும் சேர்ந்து தள்ளினோம். "மீட்டர் ஓடுது, இந்தத் தூரம் கணக்குல வராது!" என்று அண்ணன் கத்த, "கணக்கை அப்புறம் பாப்போம், மொதல்ல கையக் குடுங்க அண்ணாச்சி" என்று ஒரு அக்கா போட்ட போட்டில் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

திரும்பும்போது கம்பெனி வலையைக் கொடுத்துவிட்டு, எங்கள் வலையை வீட்டில் போய்க் கழுவி மாட்டலாம் என்று சீட்டுக்கடியில் போட்டார். சாத்தூர் 21 கிலோமீட்டர். அங்கிருந்து விருதுநகருக்கு நான்குவழிச் சாலையில் 26. ஏறியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "என்ன பிள்ள, காலை வைக்கும் முன்னே ஓடுது!" என்றார் வீட்டுக்காரர். "லோடு இறங்கிருச்சுல்ல, ஓடாம என்ன செய்யும்" என்றார் அண்ணன்.

பகல் ஒன்றே கால் மணிக்குப் பங்கு. ஓடியது 101 கிலோமீட்டர், பிடித்தது ஒன்பதரை லிட்டர். அண்ணன் செல்போனில் வகுத்துப் பார்த்தார். பத்தரைக்குக் கொஞ்சம் மேல்.

வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார், "இந்தாங்க மச்சான்" என்றார், காற்றடிக்கிற இடத்தில் போய்த் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று மாதம் ஒன்பது தந்த வண்டி இன்றைக்கு எப்படிப் பத்தரை தரும்? போகும்போது முக்கியது, வரும்போது வழுக்கியது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று.

"அண்ணே, அந்த வலைதான்! மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்?"

"ஏ தனம், பேசுனது பேசுனதுதான். பன்னெண்டு வரல."

"சரி, வண்டி உன்னுதுதான். உன் வண்டிய நீயே ஓட்டிப் பாரு. டேங்க் ஃபுல்லா இருக்கு. சிவகாசி போய்ட்டு வருவோம்."

அண்ணனுக்கும் கை அரித்தது, விடுவாரா? எங்களை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். அவர் மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை, கேட்க வேண்டாம். சிவகாசி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டுத் திரும்பினால் 53 கிலோமீட்டர். பங்குப் பையன் டேங்கைத் ததும்பத் ததும்ப நிரப்பினான். நான்கு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. அண்ணன் வகுத்தார். அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். பதின்மூன்றரை!

மூன்று பேரும் மீட்டரைப் பார்க்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறோம். அண்ணன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். ஆசை இல்லாமலா இருக்கும்? பேச்சுப்படி வண்டி அவருடையது, நானே வாயால் சொல்லியாகிவிட்டது.

"மாப்ள, இங்கன வாங்க" என்றார். "ஒன்பது தர்ற வண்டிய வச்சுக்கிட்டுத் தங்கச்சி கஷ்டப்படக் கூடாதுன்னுதான் கேட்டேன். பதிமூணு தர்ற வண்டியப் புடுங்கிட்டுப் போனா, நாளைக்கு இவ வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கை நனைப்பேன்? புடிங்க." சாவியை வீட்டுக்காரர் சட்டைப்பையிலேயே போட்டுத் தட்டினார். இந்த மனுஷன் பங்கு என்றுகூடப் பார்க்காமல் அண்ணனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், தொப்பை இடம் கொடுக்கவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன். பங்குப் பையனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அங்கிருந்து நேராக எண்ணெய்ப் புரோட்டாக் கடைதான்.

இனி, வருகிறவர்களுக்கு. காலை ஏழுக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு விருதுநகர் வந்துவிடலாம். ஏழாயிரம்பண்ணைக்கும் சாத்தூருக்கும் நடுவில் நல்ல சாப்பாட்டுக் கடை எங்கள் கண்ணில் படவில்லை, தண்ணீரும் கொண்டுபோங்கள். வண்டியில் தீப்பெட்டி, லைட்டர் வேண்டவே வேண்டாம். யூனிட்டுக்குள் வலை இல்லாமல் ஒரு அடி நகராதீர்கள், வெளியே வந்ததும் ஒரு நிமிஷம்கூட அதை விட்டுவைக்காதீர்கள். மைலேஜ் வரவில்லை என்றால் ஷோரூம்காரனைத் திட்டுவதற்கு முன்னால், நல்லது என்று நினைத்து நீங்களே வண்டிக்கு என்னவெல்லாம் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

திங்கட்கிழமை விடிகாலை வேன் கம்பெனி மேனேஜரிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்காரர் வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், நான்தான் எடுத்தேன்.

"என்னம்மா, ஆளுக எல்லாம் ரோட்டுல நிக்கிறாக. டிரைவரு கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரு சார்" என்றேன். "சொந்த வண்டியில."