ரேஸ் காருக்கு ஈர மணலில் எடுத்த அளவு

1. சிறுமலை வளைவில்

துரைராஜ் தம்பி காரை, பஸ்ஸுக்குப் பாடி கட்டும் எங்கள் ஷெட்டுக்குள் கொண்டு வந்தபோது இடது பக்கத் தகடு முழுவதும் நசுங்கியிருந்தது. அவர் சிறுமலை எஸ்டேட்காரர் மகன். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். மலை ரோட்டு வளைவில் கார் திரும்பிவிட்டது, அவர் திரும்பவில்லை. சீட்டில் வழுக்கிப் பக்கத்தில் போய் விழுந்து, ஸ்டீயரிங் கைநழுவி, கார் பாறையில் உரசி நின்றிருக்கிறது.

“காரு ஒழுங்காத்தான்ணே போகுது. நாந்தான் அதுக்குள்ள நிக்க மாட்டேங்கிறேன்” என்றார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்படி ஒரு காரைத் திண்டுக்கல்லில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் முதலாளி மாணிக்கம் பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கி, கதவு, கூரை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, அலுமினியத் தகட்டில் புது பாடி கட்டினார். மெட்ராஸ் பக்கம் ஒரு பழைய விமானத் தளத்தில் நடக்கும் ரேஸில் ஓட வேண்டும் என்று அவருக்கும் தம்பிக்கும் வெறி. பெரிய எஞ்சினுக்கு வழியில்லை, அதனால் எடையைக் குறைத்தார்கள். யாராவது மாட்டுவதற்கு ஒரு போல்ட்டை எடுத்தாலும் “இது எதுக்கு?” என்பார் முதலாளி. ஒரு நாள் தம்பியிடமே, “மீசையச் செரச்சுட்டு வாங்க, அதுல ஒரு கால் பலம் எடை கொறையும்” என்றார்.

பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனால், “ஏலே, குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டியிருக்காய்ங்கடா!” என்று கூவுவார்கள். அந்தத் தொட்டி செம்பட்டி ரோட்டில் எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் தாண்டிப் போகும்.

ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் வைத்த பழைய சீட்டும் எடை என்று வெளியே போயிற்று. ஒரு பலகையும் மெல்லிய மெத்தையும் போட்டிருந்தார்கள். அதில்தான் தம்பி வழுக்கினார்.

சீட் வேலை என்னுடையது. பஸ் சீட் தைத்த என் அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு அவர் மிஷினில் நான் உட்கார்ந்தேன். வீட்டில் தைத்து ஷெட்டில் கொண்டுவந்து கொடுப்பேன், அங்கே உட்கார்ந்து தைக்க எனக்கு இடம் கிடையாது. அன்று முதலாளி சொன்னார்:

“இந்தா பாரு தங்கச்சி. ஆள அசையாமப் புடிக்கிற சீட்டு வேணும், ஆனா கனக்கக் கூடாது. செஞ்சுட்டேன்னா ஷெட்ல ஒரு பக்கம் ஒனக்கு. ஏலலைன்னா சொல்லிப்புடு, மதுரையில ஆள் இருக்கு. பஸ் சீட்டையும் அவன்ட்டயே குடுத்துருவேன்.”

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தப் பஸ் சீட்டால்தான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2. பாய் எடுத்த அளவு

ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆள் அளவு வேண்டும். இடுப்பு, தொடை, முதுகு. நானோ தம்பி ஷெட்டுக்குள் நுழைந்தாலே டார்ப்பாலின் கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்பவள். அவர் மேல் டேப்பை வைப்பதாவது! டேப்பை டிங்கர் காசிம் பாயிடம் கொடுத்தேன். பாய் தம்பியை நிற்க வைத்து, சட்டைக்கு எடுப்பதுபோல் எடுத்துச் சொன்னார். அந்த அளவில் கித்தான் துணியில் தைத்துக் கொண்டுபோனேன். தம்பி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். டர்ரென்று சீட் ஓரம் பிரிந்தது.

“பாய், நிக்க வச்சு அளவெடுத்தீங்களே, நான் என்ன நின்னுக்கிட்டா ஓட்டப் போறேன்?”

“நான் தகரத்துக்கு அளவெடுக்கிறவன் தம்பி. ஒங்க தொடையெல்லாம் யாரு கண்டா?” என்றார் பாய்.

ஷெட்டில் சிரிப்பு அடங்கவில்லை. முதலாளி மட்டும் சிரிக்காமல், “ரேஸு நெருங்குது. மதுரைக்கு ஆளனுப்பவா தங்கச்சி?” என்றார்.

“ரெண்டு நா பொறுங்கண்ணே.”

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

3. மணல் மூட்டை

தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துத்தான் பாய் மரச்சுத்தியால் அடித்து வளைப்பார். மறுநாள் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். அவர் எழுந்து போன பின் பார்த்தேன். உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. எந்தப் பக்கம் அழுத்தி உட்கார்ந்தார் என்பதுகூடத் தெரிந்தது. டேப்பே வேண்டாம் என்று அப்போது புரிந்தது.

சாக்குகளில் ஈர மணல் நிரப்பி, காருக்குள் சீட் வரும் இடத்திலும் முதுகுப் பக்கமும் அடுக்கச் சொன்னேன். மேலே ஒரு பழைய வேட்டி. தம்பி அதில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார், கிளட்ச், பிரேக் எல்லாம் மிதித்தார்.

“வைகை ஆத்துல உக்காந்த மாதிரி சிலுசிலுன்னு இருக்குக்கா. இப்புடியே மெட்ராஸ் போயிருவமா?”

“மணல் என்னா கனம் கனக்கும்னு தெரியுமா?” என்று முதலாளி பதறினார்.

தம்பி எழுந்த பின் அந்தப் பள்ளத்தில் பேப்பரைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டினேன். காய்ந்ததும் ஓடு மாதிரி கழன்று வந்தது. அதை வைத்துப் பாய் அலுமினியத்தில் அதே வடிவம் அடித்து, எடை குறைய நிறைய ஓட்டையும் போட்டார். நான் மெல்லிய கம்பளித் துணி விரித்து, தோல் ஷாப்பில் வாங்கிய ஆட்டுத்தோலை இழுத்துத் தைத்தேன். முதலாளி ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா!”

4. விமானத் தளத்தில்

தையல் விட்டால் போட ஆள் வேண்டும் என்று என்னையும் லாரியில் கூட்டிப் போனார்கள். நான் லாரியை விட்டு இறங்கவில்லை.

நேர் ரோட்டில் பெரிய கார்கள் எங்களை விட்டு ஓடின. வளைவு வந்ததும் கதை மாறியது. மற்றவர்கள் ஸ்டீயரிங்கில் தொங்கிக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் தம்பியின் தோள் அசையவில்லை. வளைவுக்கு வளைவு ஒவ்வொருவராகத் தாண்டினார். கடைசியில் முன்னால் ஒரு சிவப்புக் கார்தான் மிச்சம். கடைசி வளைவில் உள்பக்கமாகப் புகுந்து அதையும் தாண்டினார்.

முதலாளி துண்டை வானத்தில் எறிந்தார். நானும் கத்தியிருக்கிறேன். பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிவப்புக் கார்க்காரர் வந்து எங்கள் சீட்டைத் தடவிப் பார்த்தார். “யாருப்பா போட்டது?” என்று கேட்டுக்கொண்டு நேரே லாரிக்கு வந்துவிட்டார்.

“எப்படிம்மா இவ்வளவு கரெக்டா அளவு எடுத்தீங்க?”

“நான் எடுக்கல. அவரே வச்சுட்டுப் போனாரு” என்று டார்ப்பாலினைப் பார்த்துச் சொன்னேன். சிவப்புக் கார்க்காரருக்குக் கேட்கவில்லை. பாய் உரக்கத் திருப்பிச் சொல்லி, ஈர மணலில் உட்கார வைத்த கதையையும் சொன்னார்.

“அப்ப நானும் வந்து வெச்சுட்டுப் போறேன்” என்றார் அவர்.

“வாங்க சார், மணல நனைச்சு வைக்கிறோம்” என்றார் முதலாளி.

ஊர் திரும்பியதும் என் மிஷினை ஷெட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அதன்பின் எத்தனையோ பேர் அந்த மணலில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். யார் மேலும் நான் டேப் வைத்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கூச்சம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், வேலை அடுத்தவர் கைக்குப் போய்விடும். கூச்சத்தோடேயே செய்ய ஒரு வழி இருக்கும், அதைத் தேடுங்கள். என் கூச்சம் இன்றுவரை போகவில்லை. என் சீட்டில் உட்கார்ந்த ஒருவரும் வளைவில் வழுக்கியதும் இல்லை.