பிந்திக் குதிப்பவர்களுக்கு ஒரு சலுகை

போன் விளையாட்டில் பள்ளத்தில் விழுந்த எவரும் தன்னைக் குறை சொல்வதில்லை. "நான் அமுக்கினேன், அது குதிக்கல்ல" என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய். ஆனால் பொய்யென்று அவருக்கே தெரியாது. திரையில் ஓடும் உருவத்தின் கால் விளிம்பை விட்ட பிறகுதான் விரல் பட்டனில் பட்டிருக்கும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு சின்ன ஏமாற்று வேலை உண்டு. கால் வெறும் காற்றில் இருந்தாலும், கண் சிமிட்டும் நேரம்வரை அவர் இன்னும் தரையில்தான் நிற்கிறார் என்று கணக்கில் வைத்துக்கொள்வோம். அதற்குள் அமுக்கினால் உருவம் குதித்துவிடும். ஆடுகிறவருக்கு இது தெரியவே கூடாது. எல்லாம் தன் விரலின் சாமர்த்தியம் என்று அவர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. எங்கள் முதலாளிக்கு விளங்கவில்லை.

பெல்மதுளைச் சந்தியில், கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறைதான் எங்கள் அலுவலகம். முதலாளி, படம் வரையும் சிங்களப் பெண் ஒருத்தி, நிரல் எழுதும் நான். பந்தயக் காரிலிருந்து பிடுங்கி வந்ததுபோல ஒரு நாற்காலி அவருக்கு மட்டும் உண்டு. அதில் சாய்ந்துகொண்டு, தான் ஆடாத விளையாட்டு உலகத்திலேயே இல்லை என்பார். அலுவலகத்தில் சிங்களம் பேசுவார். கொழும்பிலிருந்து அழைப்பு வந்தால் ஆங்கிலம். தமிழ் என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான், அதுவும் மற்றவளுக்கு விளங்கிவிடக் கூடாதே என்பதற்காக. இத்தனைக்கும் நாங்கள் இருவரும் நிவித்திகலப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் கணக்கப்பிள்ளையின் மகன், மேலே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். நான் கீழே தொழிலாளர் லயம்.

விளையாட்டின் கதையும் அவருடைய மூளையில் உதித்ததுதான். கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் மலையில் ஓடி, கான்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். மழைத்தண்ணீர் வடிய மலை நெடுக வெட்டியிருக்கும் வாய்க்காலைத்தான் கான் என்போம். கூடையோடு கான் மேல் பறக்கும் பெண்ணை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாரும் பார்த்து இறங்கி, பார்த்து ஏறித்தான் போவார்கள், விழுந்தால் கால் போய்விடும். விளையாட்டுப் பெண்ணின் தலையில் ஒரு செம்பருத்தி வேறு வைக்கச் சொன்னார். இதுதான் நம் மக்களின் வாழ்க்கை என்று கொழும்பில் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள்கூட மலையேறிக் கொழுந்து பறிக்காத மனிதர்.

போன் விளையாட்டுகளை வெளியிடும் கொழும்பு அம்மையார் ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தது. அவர் எடுத்துக்கொண்டால் அலுவலகம் நிற்கும், இல்லாவிட்டால் பூட்டு. எனக்கு வேறு வேலை எங்கும் காத்திருக்கவில்லை. என் வேலையை நம்பித்தான் அம்மா மலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பூட்டு விழுந்தால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் மலையேற வேண்டும்.

அம்மையார் வருவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன், முதலாளி இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்தார். பிந்தி அமுக்குகிறவர்களுக்கு நம்முடைய விளையாட்டில் சலுகை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். முகம் சுருங்கியது. சிங்களத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"அத எடுத்துடு. பிந்தினா பிந்தினதுதான்."

விலை குறைந்த போன்களில் விரல் பட்ட செய்தியே பிந்தித்தான் உள்ளே போகும், சலுகையும் இல்லாவிட்டால் பிள்ளைகள் முதல் கானிலேயே விழுந்து கிடப்பார்கள் என்றேன். அப்படியானவர்கள் ஆட வேண்டியதில்லை என்றார்.

பிந்தினா பிந்தினதுதான் என்ற வாக்கியம் அவருடைய சொந்தச் சரக்குமல்ல. பெரட்டுக்களத்தில் அவருடைய அப்பா சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. பெரட்டு என்பது காலையில் எல்லாரும் கூடி, பெயர் பதிந்து, மலை பிரித்துக்கொண்டு போவது. சங்கு ஓய்ந்த பிறகு வந்தால் அன்றைக்குப் பெயர் இல்லை, சம்பளமும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில், ஒரு மழைக்காலையில் நானும் அம்மாவோடு ஓடியிருக்கிறேன். சங்குச் சத்தம் எதிர்மலையில் மோதி இன்னும் அடங்கவில்லை. "சங்கு ஊதுறப்பவே வந்துட்டேங்க ஐயா" என்று அம்மா மூச்சிரைக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமலே அந்த வாக்கியத்தைச் சொன்னார். அம்மா திரும்பி நடந்தார்.

அதே நேரம் மேலே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாசலில் பாடசாலை வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. மகன் உள்ளே காலுறை தேடிக்கொண்டிருந்திருப்பார். அந்த வேன் தினமும் அப்படித்தான் நிற்கும். எங்கள் முதலாளி வாழ்க்கையில் ஒருநாளும் பிந்தியதில்லை, ஏனென்றால் அவர் வரும்வரை எதுவும் புறப்பட்டதில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அது போக வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

நிரலில் அந்தச் சலுகைக்கு நான் வைத்திருந்த பெயர் 'பெரட்டு'. அவர் நிரலைத் திறந்து பார்க்கிற ரகமில்லை. நானும் அதை எடுக்கவில்லை. போடவும் அணைக்கவும் ஒரு சுவிட்சை மட்டும் வைத்துவிட்டு, எடுத்தாயிற்று என்றேன். அவர் தன் விலையுயர்ந்த போனில் ஆடிப் பார்த்தார். கானுக்குக் கான் பிந்தித்தான் அமுக்கினார், கானுக்குக் கான் சலுகை அவரைத் தூக்கிவிட்டது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இப்பதான் சரி. இப்பதான் திறமைக்கு மரியாத."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

அம்மையார் சொன்ன நேரத்துக்கு வெகுவாகப் பிந்தித்தான் வந்தார். முதலாளி படியிறங்கிப் போய், பரவாயில்லை மேடம், இந்தப் பாதை அப்படித்தான் என்று குழைந்தார். பிந்தினால் பிந்தினதுதான் என்று அன்றைக்கு அவருடைய வாயிலிருந்து வரவில்லை. மேலே வந்ததும் அவரே ஆடிக் காட்டினார். இப்போதைய விளையாட்டுகள் ஆடுகிறவர்களைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கின்றன என்றும், தான் அந்தச் சலுகையை எடுத்துவிட்டதாகவும் சிங்களத்தில் விளக்கினார். அம்மையார் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சலுகை இருந்தபோது எப்படி இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

சேர் இவ்வளவு நேரம் ஆடியதே சலுகையோடுதான், எடுத்தால் இப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டு, சுவிட்சை அணைத்துப் போனை முதலாளியிடமே கொடுத்தேன். அவர் கோபத்தில் எழுந்துபோனால் எல்லாம் முடிந்தது. ஆனால் தன் திறமையில் அவருக்கு இருந்த நம்பிக்கையை நான் அறிவேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆடினார்.

முதல் கானில் விழுந்தார். மறுபடியும் அதே கானில் விழுந்தார். செம்பருத்திப் பெண் கூடையோடு சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தாள். அம்மையார் தானும் வாங்கி ஆடிப் பார்த்தார், விழுந்தார், வாய்விட்டுச் சிரித்தார். முதலில் காட்டியதைத்தான் எடுக்கிறேன், அதைத் தொடாதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, கொழும்பு அலுவலகத்தோடு பேசத் தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முதலாளி விளையாட்டுப் போனைத் திரும்ப எடுத்து இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நேரத்துக்குத்தானே அமுக்கினேன்? நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?"

"பிந்தினா பிந்தினதுதாங்க, ஐயா."

அலுவலகத்தில் அவரை நான் சேர் என்றுதான் கூப்பிடுவது. ஐயா என்றது அதுதான் முதல் தடவை. யாருடைய வாக்கியம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகு அவர் என்னைத் தமிழில் திட்டியதில்லை. விளையாட்டு வெளிவந்தபோது, பெயர்ப் பட்டியலில் குதிப்பு அமைப்பு என்று போட்டு அதற்கு நேரே தன் பெயரைப் போட்டுக்கொண்டார், போட்டுக்கொள்ளட்டும். அம்மையார் வந்துபோன மறுநாள் காலை தோட்டத்தில் வழக்கம்போலச் சங்கு ஊதியது. அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.