பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டிய ராணி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்போது என் வாடகை சைக்கிள் கடை இருந்தது. கோட்டை பார்க்க வருகிறவர்களும் வல்லத்துக்குப் போகிறவர்களும் என் வண்டியைத்தான் எடுப்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் எனக்கு இணையாக அந்தத் தாலுகாவில் ஒருவன் இல்லை. சந்தேகம் இருந்தால் இன்றைக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

அறுபதுகளில் எனக்கு இருந்தது ஒரே வெறி. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஆகிவிட வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு வண்டி கிடைத்தால் போதும், மற்றதை என் கை பார்த்துக்கொள்ளும். ஆனால் சைக்கிள் கடைக்காரனை நம்பி மோட்டார் வண்டியை யார் கொடுப்பார்கள்?

வழி, பழைய காகிதத்தில் வந்தது. சைக்கிளுக்குப் போடும் பால்ரஸ் குண்டுகளைப் பொட்டலம் மடிப்பதற்காக, வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஒரு நயினார் வீட்டில் பாட்டன் காலத்துக் கடிதக் கட்டுகளை எடைக்கு வாங்குவேன். அவற்றில் இருந்த ராணி படம் போட்ட தபால்தலைகள் பார்க்க லட்சணமாக இருந்ததால், கத்தரித்து எடுத்து ஓர் அட்டையில் ஒட்டிக் கடையில் மாட்டினேன். பசைக்கு எங்கே போவது? கையில் பஞ்சர் சொல்யூஷன் இருந்தது.

ஒருநாள், திண்டிவனத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் சைக்கிள் கேட்டு வந்தவர், சைக்கிளை மறந்துவிட்டு அந்த அட்டையின் முன்னால் நின்றார்.

"ஏம்பா, இந்தப் பச்சை ராணியை எதால ஒட்டின?"

"சொல்யூஷன்லதான் ஐயா. ஆயுசுக்கும் வராது."

"அடப்பாவி! டியூபுன்னு நெனச்சியா?"

அடுத்த வாரம் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். உலகத்துத் தபால்தலைகளின் படமும் விலையும் போட்ட கேட்லாக். அதில் அதே பச்சை ராணி, நாலணாத் தபால்தலை. ஒரே படத்துக்குக் கீழே இரண்டு வரி, இரண்டு விலை. ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு.

"மேல பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ரூபா நோட்டுல இருக்கற மாதிரி காகிதத்துக்குள்ள யானைத் தலை அச்சு மறைஞ்சிருந்தா சாதாரணம். யானை இல்லேன்னா கெடைக்காத சரக்கு. கறுப்பா ஒண்ணு மேல குப்புறப் போட்டு, ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டா தெரிஞ்சிடும். நீதான் அட்டையோட சேத்து அழுத்தி வெச்சிருக்கியே!"

"யானை இல்லேன்னா இன்னா தருவீங்க?"

சிரித்தார். "வீட்ல ஒரு மோட்டார் சைக்கிள் சும்மா கெடக்குது. கண்ணு மங்கினதுலேர்ந்து நான் தொடறதில்ல. எடுத்துக்கோ. ஆனா ஓரத்துல ஒரு பல்லு ஒடிஞ்சாலும் பேச்சே இல்ல."

கேட்லாக்கை என்னிடமே விட்டுப் போனார். எனக்கு ஆங்கில எழுத்து ஓடாது, எண் ஓடும். படத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, என் அட்டையில் இருந்த ஒவ்வொரு தலைக்கும் விலை கண்டுபிடித்தேன். பச்சையைத் தவிர மற்றதெல்லாம் குப்பை. குப்பை என்று தெரிந்ததும் நல்லதாகப் போயிற்று. பழகிப் பார்க்கத் தலைகள் கிடைத்தன.

குப்பையில் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்; அசையவில்லை. இன்னொன்றுக்கு ஆவி காட்டினேன், சுருண்டது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, ராணிக்கு பஞ்சர் ஒட்டறியா?"

"ஒட்டல, எடுக்கறேன். நீ போய் சோத்தப் பாரு."

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. டப்பாவில் சொல்யூஷன் இறுகிப்போனால் நான் அதில் எதை ஊற்றி இளக்குகிறேன்? பெட்ரோலைத்தானே! யானையைக் காட்டுகிற அதே பெட்ரோல்தான் பிடியையும் விடுவிக்கும். முதல் தலை எண்ணெய்க் கறையோடு வந்தது, பெட்ரோல் பாட்டிலில் அழுக்கு. பாட்டிலைக் கழுவிக் காயவைத்து மறுபடி தொடங்கினேன். கை பழகும்வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார். என் மகளின் சிலேட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பச்சை ராணி இருந்த இடத்தை மட்டும் அட்டையோடு வெட்டி, பெட்ரோலில் போட்டுக் காத்திருந்தேன். இழுக்கவில்லை. அதுவாக நழுவி வந்தது. பல் ஒன்றுகூட ஒடியவில்லை. சிலேட்டில் குப்புறப் போட்டுச் சொட்டு விட்டேன்.

நடுவில் வளைவாக ஏதோ தெரிந்தது.

"அதோ, தும்பிக்கை!" என்றாள் மனைவி.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "போச்சுப்பா. யானைதான்."

"இருங்க ஐயா. அது யானை இல்ல, என் சொல்யூஷன். நான் பார்க்காத சொல்யூஷனா?"

காயவிட்டு, விரல் நுனியால் மெல்ல உருட்டினேன். தும்பிக்கை நூலாகத் திரண்டு கையோடு வந்தது. மறுபடி சொட்டு விட்டேன். ஒன்றுமில்லை. அவர் லென்ஸை வைத்துக்கொண்டு பெட்ரோல் உலரும்வரை பார்த்தார். இன்னொரு முறை விடச் சொன்னார். விட்டேன்.

"யானை இல்லப்பா," என்றார். எனக்கு அது முன்னமே தெரியும்.

அன்றைக்கே அவரோடு பஸ் ஏறி திண்டிவனம் போனேன். வண்டி கொட்டகையில் தூசி படிந்து நின்றது, இரண்டு டயரிலும் காற்று இல்லை. பையிலிருந்து டயர் கழற்றும் நெம்புகோலையும் சொல்யூஷன் டப்பாவையும் எடுத்தேன். அந்த ஜில்லாவே பிற்பாடு தேடி வந்த மெக்கானிக், மோட்டார் வண்டியில் செய்த முதல் வேலை பஞ்சர் ஒட்டியதுதான்.

பக்கத்தில் நின்ற போஸ்ட்மாஸ்டர் டப்பாவைக் காட்டிச் சொன்னார்:

"இதுக்குத்தாம்பா சொல்யூஷன்."